சுரங்கத்தின் சிவப்பு–நீலப் படம் எதைச் சொல்கிறது, எதை விழுங்கிவிடுகிறது

திறந்தவெளிச் சுரங்கம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல், நம்ம நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, எதுவானாலும் சரி. மாதக் கடைசியில் அங்கே ஒரு படம் தயாராகும். மேலிருந்து பார்த்த மாதிரி குழியின் முழு வடிவம். அதன்மேல் வண்ணம். திட்டப்படி வெட்டிய இடமெல்லாம் பச்சை. திட்டத்தைத் தாண்டி வெட்டிய இடம் சிவப்பு, வெட்டாமல் விட்ட இடம் நீலம். சில இடங்களில் இது தலைகீழாகவும் இருக்கும், ஏன்னா எந்த நிறம் எதுக்குன்னு எல்லாருக்கும் பொதுவான வழக்கம் கிடையாது. படத்தின் கீழே ஒரு எண். "திட்ட இணக்கம் 94%" என்கிற மாதிரி.

கூட்டத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பல நேரம் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தையும் அந்த எண்ணையும் பற்றியது. மென்பொருள் தப்புக் கணக்குப் போடுதுன்னு நான் சொல்ல வரவில்லை. கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே குழியை, ஒரே திட்டத்தோடு, நாலு விதமாக ஒப்பிட்டு நாலு விடை வாங்கலாம். அந்த நாலில் எதைக் கேட்டோம் என்பதை அறிக்கை சொல்வதில்லை. அதுதான் என் புகார்.

படம் எப்படி வருகிறது

திறந்தவெளிச் சுரங்கம் ஒரு தலைகீழான படிக்கட்டு. ஒவ்வொரு படியையும் பெஞ்ச் என்பார்கள். பெஞ்ச்சின் செங்குத்தான பக்கம் முகப்பு. முகப்பின் மேல் ஓரத்தை விளிம்பு என்றும், கீழ் ஓரத்தை அடி என்றும் வைத்துக்கொள்வோம். திட்டமிடும் பொறியாளர் இந்தப் படிக்கட்டைக் கணினியில் வரைந்துவைக்கிறார். அது முக்கோணங்களால் பின்னிய ஒரு வலை. சுத்தமான, நேர்க்கோடான மேற்பரப்பு.

நிஜக் குழியை சர்வேயர் அளக்கிறார். முன்பு ஒவ்வொரு புள்ளியாகக் கருவி வைத்து எடுத்தார்கள். இப்போது ட்ரோன் படங்கள், இல்லையென்றால் லேசர் ஸ்கேனர். கோடிக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும். அதிலிருந்து இன்னொரு மேற்பரப்பு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டால் நம்ம வண்ணப்படம் தயார்.

சர்பாக், வல்கன், டெஸ்விக், டேட்டாமைன் மாதிரி சுரங்கத்துக்கென்றே இருக்கிற விலையுயர்ந்த மென்பொருள்கள் இதைச் செய்யும். காசு இல்லாமல் செய்யணும்னா கிளவுட்கம்பேர் இருக்கிறது. பிரான்சில் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாகத் தொடங்கி, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் திறந்த மூல மென்பொருள். வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுவே போதும்.

எந்தப் பக்கமாக அளக்கிறோம்?

"இரண்டு மேற்பரப்புக்கும் இடையே எவ்வளவு தூரம்?" கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? சுரங்கத்தில் இதற்கு ஒரே விடை கிடையாது.

ஒரு முகப்பு 70 பாகைச் சாய்வில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் அதைத் திட்டத்தைவிட 1 மீட்டர் உள்ளே தள்ளி வெட்டிவிட்டது. கிடையாக அளந்தால் விலகல் 1 மீட்டர். முகப்புக்குச் செங்குத்தாக அளந்தால் 0.94 மீட்டர். மேலிருந்து கீழாக அளந்தால்? 2.75 மீட்டர். மூன்றும் சரியான விடைதான். ஆனால் வழக்கமான மாதாந்திரப் படங்கள் பலவும் மூன்றாவது முறையில் போடப்படுகின்றன. ஒரு கட்டத்தில் இருக்கிற உயரத்திலிருந்து இன்னொரு உயரத்தைக் கழிப்பதுதான் கணினிக்கு ரொம்ப சுலபம்.

இதனால் என்ன ஆகிறது? ஏற்றுக்கொள்ளும் அளவு கூட்டியோ குறைத்தோ அரை மீட்டர் என்று வைத்தால், முகப்பில் வெறும் 20 செ.மீ. விலகல்கூட மேலிருந்து பார்க்கையில் 55 செ.மீ. ஆகிச் சிவப்பாகிவிடும். படம் முழுக்க ஒவ்வொரு முகப்பிலும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். நாலைந்து மாதம் பார்த்தபிறகு எல்லோரும் ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள்: "முகப்புல வர்ற சிவப்பு அப்படித்தான் இருக்கும், அதைக் கண்டுக்க வேண்டாம்." சுரங்கத்தில் கவனித்தே ஆகவேண்டிய இடம் முகப்பு. படமே அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழக்கிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் அதே படத்தில் இருக்கிறது. 15 மீட்டர் உயரமுள்ள 70 பாகை முகப்பு, மேலிருந்து பார்த்தால் சுமார் 5.5 மீட்டர் அகலக் கீற்றாகச் சுருங்கிவிடும். குழியின் தரையும் டம்பர் லாரிகள் போகும் பாதையும் பரந்து விரிந்து கிடக்கும். "பரப்பளவில் 94% பச்சை" என்று சொன்னால், அதில் பெரும்பங்கு தட்டையான தரையின் மதிப்பெண்தான். தரையைச் சமமாக வெட்டுவது முகப்பைச் சரியாக வெட்டுவதைவிடச் சுலபம். சுலபமான பாடத்தில் வாங்கிய மார்க் கஷ்டமான பாடத்தின் தோல்வியை மூடிவிடுகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. 2013-இல் லாகு, ப்ரோது, லெரு என்ற மூவர் எம்3சி2 என்கிற முறையை வெளியிட்டார்கள். சோதித்த இடம் சுரங்கம் இல்லை, நியூசிலாந்தின் ராங்கிடிகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கேயும் செங்குத்துப் பாறைச் சுவர், தட்டையான ஆற்றுப்படுகை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். சிக்கல் ஒன்றேதான். அந்த முறை ஒவ்வொரு இடத்திலும் மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ, அந்தத் திசையில் தூரத்தை அளக்கிறது. கிளவுட்கம்பேரில் இது இலவசமாகவே கிடைக்கிறது. ஆக, தடையாக இருப்பது தொழில்நுட்பமில்லை, பழக்கம்.

நூறு சதவீதம் சரியான தவறு

அடுத்து அந்த எண். இந்த மாதம் 1,00,000 கன மீட்டர் வெட்டவேண்டும் என்பது திட்டம். மாதக் கடைசியில் அளந்தால் சரியாக 1,00,000 கன மீட்டர் வெட்டப்பட்டிருக்கிறது. 100%. கை தட்டலாம்.

இப்போது கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். திட்டமிட்ட இடத்தில் வெட்டியது 80,000. அங்கே வெட்டாமல் விட்டது 20,000. அதற்குப் பதிலாக, வெட்டவே கூடாத இடத்தில் வெட்டியது 20,000. கூட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. நிஜ இணக்கம் 80%தான். அதோடு தப்பான இடத்தில் ஒரு 20,000 கன மீட்டர் பள்ளமும் விழுந்திருக்கிறது.

கூட்டல் விலகலும் கழித்தல் விலகலும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இருந்தும் நிகரக் கன அளவையே இணக்கமாகச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. உற்பத்திக் கணக்கு பார்ப்பவருக்கு அது போதுமானதாக இருப்பதே காரணம். அவருக்கு லாரியில் எத்தனை டன் ஏறியது என்பது முக்கியம். எந்த மூலையிலிருந்து ஏறியது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

சரியாகச் செய்யணும்னா இரண்டு மேற்பரப்பு போதாது, மூன்று வேணும்: மாதத் தொடக்கத்தில் குழி இருந்த நிலை, மாதக் கடைசியில் இருக்கவேண்டிய நிலை, நிஜத்தில் இருக்கிற நிலை. இந்த மூன்றையும் வைத்துத்தான் "திட்டமிட்டு வெட்டியது", "திட்டமிட்டும் வெட்டாதது", "திட்டமில்லாமல் வெட்டியது" என்று பிரிக்க முடியும். நல்ல சுரங்கங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும் அறிக்கையை நம்பலாம். ஒரே எண்ணைச் சொல்லும் அறிக்கை வந்தால், "எதை எதோடு கழிச்சீங்க?" என்று கேளுங்கள்.

ஆபத்து கன அளவில் இல்லை, கோட்டில் இருக்கிறது

இதுவரை சொன்னதெல்லாம் கணக்குச் சண்டை. இனி வருவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

ஒவ்வொரு முகப்புக்கும் கீழே ஒரு தட்டையான திண்டு விடுகிறார்கள். மேலேயிருந்து கல் உருண்டு விழுந்தால், அது அடியில் வேலை செய்பவர்கள் தலையில் விழாமல் இந்தத் திண்டிலேயே தங்கிவிடணும். அதன் அகலம் சும்மா குத்துமதிப்பாக வைப்பதில்லை. 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் ஆர்தர் ரிச்சி கல் உருளும் விதத்தை ஆராய்ந்தார். சாலையோரப் பாறைச் சரிவுகளுக்காகச் செய்த வேலை அது. அதன் திருத்திய வடிவம்தான் பின்னால் சுரங்கங்களுக்கு வந்தது: முகப்பின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதோடு 4.5 மீட்டர். 15 மீட்டர் முகப்பு என்றால் 7.5 மீட்டர் அகலத் திண்டு.

இப்போது வெடி வைக்கிறார்கள். வெடி கொஞ்சம் கூடிப்போய் விளிம்பு உடைகிறது. விளிம்பில் 1.5 மீட்டர் போய்விட்டது. கீழே போகப்போக அந்த உடைவு குறைந்து, 5 மீட்டர் ஆழத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிறது. இப்படி 200 மீட்டர் நீளத்துக்கு உடைந்ததாக வைத்துக்கொள்வோம். கன அளவு எவ்வளவு? முக்கோணத்தின் பரப்பு 3.75 சதுர மீட்டர், இருநூறால் பெருக்கினால் 750 கன மீட்டர். மாதம் 10 லட்சம் கன மீட்டர் வெட்டும் பெரிய சுரங்கத்தில் அது 0.075%. அறிக்கையில் தசமப் புள்ளிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்க்காது.

ஆனால் அந்த 200 மீட்டருக்கும் திண்டின் அகலம் 7.5-இலிருந்து 6 மீட்டராகிவிட்டது. கல்லைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. கீழே ஒரு ஷவல் ஓட்டுநர் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை இந்த மாதத்தின் ஒரே முக்கியமான செய்தி இதுதான். அதைத்தான் அறிக்கை முழுங்கிவிட்டது.

அடியிலும் இதே கதை, வேறு மாதிரி. முகப்பின் அடியில் பாறை கெட்டியாக இருந்தால் இயந்திரம் முழுசாக வெட்டாமல் அரை மீட்டர் விட்டுவிடும். அது ஏற்கும் அளவுக்குள்தான் வருகிறது, பச்சைதான். அடுத்த பெஞ்ச் அந்த அரை மீட்டர் வெளியிலிருந்து தொடங்கும். அங்கேயும் அரை மீட்டர். பத்து பெஞ்ச் இறங்கினால் 5 மீட்டர். ஒவ்வொன்றும் பச்சை, மொத்தமாகப் பார்த்தால் குழி ஐந்து மீட்டர் இடம் மாறிவிட்டது. கடைசியில் கீழே இருக்கிற தாதுவை விட்டுவிடணும், இல்லையென்றால் சரிவைக் கூடச் செங்குத்தாக்கி எடுக்கணும். இரண்டில் எது நடந்தாலும் காரணம் போன பத்துப் பச்சைப் படங்களில் எங்கும் எழுதியிருக்காது. விலகல் ஏற்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது தொடர்ந்து ஒரே பக்கமாகவே சாய்கிறதா என்றும் பார்க்கணும்.

ஆகவே விளிம்புக் கோடு, அடிக் கோடு, திண்டின் அகலம், முகப்பின் கோணம் ஆகியவற்றைக் கன அளவிலிருந்து பிரித்து, தனியாக அளந்து எழுதவேண்டும். மென்பொருள்களுக்கு இதெல்லாம் தெரியும். கேட்டால் கொடுக்கும். யாரும் கேட்பதில்லை.

அந்த வித்தியாசம் நிஜமா?

வண்ணப்படம் ஒரு விஷயத்தை ரொம்ப அழகாக மறைக்கும்: தனக்கு எவ்வளவு நிச்சயம் இருக்கிறது என்பதை.

அளவீட்டுப் பிழை இரண்டு வகை. ஒரு புள்ளி கொஞ்சம் மேலே, ஒரு புள்ளி கொஞ்சம் கீழே என்று சிதறுவது ஒன்று. கோடிப் புள்ளிகளில் அது சராசரியாகி அடங்கிவிடும். எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் நகர்வது இன்னொன்று. அது எத்தனை கோடிப் புள்ளி எடுத்தாலும் அடங்காது. ட்ரோன் படங்களில் இந்த இரண்டாவது வகை சகஜம். தரையில் அளந்துவைத்த குறிப்புப் புள்ளிகள் போதாமல், கேமரா நேர்கீழாக மட்டுமே படம் எடுத்தால், மொத்த மேற்பரப்பும் நடுவில் குவிமாடம் மாதிரி உப்பலாம், இல்லை கிண்ணம் மாதிரி குழியலாம்.

50 ஹெக்டேர் குழியில் இப்படி 10 செ.மீ. ஒரே பக்கமாக நகர்ந்தால் 50,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் இரண்டரை டன் என்றால் 1.25 லட்சம் டன். வெட்டவே இல்லை, ஆனால் படத்தில் வெட்டியிருக்கும். வெட்டியிருந்தால், இல்லாமல் போயிருக்கும்.

அதோடு, வெடித்துக் குவிந்து அள்ளப்படாமல் கிடக்கும் கற்குவியல் உடைந்ததும் உப்பிவிடும், கெட்டிப் பாறையாக இருந்ததைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். மென்பொருளுக்கு அது உதிரிக் கல் என்று தெரியாது, "வெட்டாத பாறை" என்றே எடுத்துக்கொள்ளும். குழியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் ட்ரோன் படத்துக்குத் தண்ணீரின் மேல்மட்டம்தான் தரை.

எம்3சி2 முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இந்த இடத்தில் வருகிறது. மேற்பரப்பு எவ்வளவு கரடுமுரடு, இரண்டு அளவீடுகளும் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தின என்பதைக் கணக்கில் எடுத்து, "இந்த இடத்தில் இவ்வளவு செ.மீ.க்குக் குறைவான வித்தியாசத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்று அது இடத்துக்கு இடம் ஒரு எல்லை போட்டுத் தருகிறது. வழக்கமான மாத அறிக்கையில் அப்படி ஒரு வரியைப் பார்ப்பது அபூர்வம்.

திட்டம்தான் தப்பு என்றால்?

ஒப்பீட்டுப் படத்துக்குள் ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது: திட்டம் சரி, விலகல் தப்பு. "விலகல்" என்கிற சொல்லே குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுகிறது. சிவப்பு வந்தால் இயந்திரம் ஓட்டியவரைக் கேட்பார்கள், வெடி வைத்தவரைக் கேட்பார்கள். திட்டம் வரைந்தவரை யாரும் கேட்பதில்லை.

பாறையில் ஒரு வெடிப்புத் தளம் 60 பாகையில் குழியைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, முகப்பை 70 பாகையில் வரைந்துவைத்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு கவனமாக வெட்டினாலும் பாறை அந்த 60 பாகைத் தளத்தில்தான் கழன்று வரும். மாதாமாதம் அதே சுவரில் அதே சிவப்பு வந்தால், அது ஓட்டுநருக்கு வந்த புகார் இல்லை, பாறை திட்டக்காரருக்கு எழுதின கடிதம்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். எல்லாம் பச்சையாக இருந்தாலும் சரிவு பத்திரம் என்று அர்த்தமில்லை. 2013 ஏப்ரல் 10 இரவு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்தின் ஒரு சுவர், ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு தடவையாகச் சரிந்தது. 5 கோடி கன மீட்டருக்கும் மேல். வட அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய சுரங்கச் சரிவுகளில் ஒன்று. மேனஃபே என்று பெயர் வைத்திருந்த ஒரு பலவீனமான பாறைப் படுகை, சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதன்மேல்தான் எல்லாம் வழுக்கி வந்தது. திட்ட மேற்பரப்பையும் நிஜ மேற்பரப்பையும் எத்தனை தடவை ஒப்பிட்டாலும் உள்ளே இருக்கிற படுகை தெரியப்போவதில்லை.

ஆனால் அன்று ஒருவருக்கும் காயமில்லை. சரிவதற்கு முன்பே எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். எப்படித் தெரிந்தது? ரேடாரும் சுவரில் பொருத்திய பிரதிபலிப்பான்களும் சுவர் நகர்வதை அளந்துகொண்டே இருந்தன. கவனியுங்கள், அதுவும் மேற்பரப்பு ஒப்பீடுதான். நேற்றைய சுவரோடு இன்றைய சுவர். திட்டத்தோடு ஒப்பிட்டிருந்தால் சில செ.மீ. நகர்வு பச்சைக்குள்ளேயே அடங்கியிருக்கும். நேற்றோடு ஒப்பிட்டதால் நகரும் வேகம் கூடுவது தெரிந்தது.

யார் கேட்கிறார்கள்?

இந்தியாவில் இது இப்போது சுரங்க அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கிற விஷயமில்லை. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளின்படி, ஆண்டுக்கு 10 லட்சம் டன்னோ அதற்கு மேலோ வெட்டத் திட்டமிடும் குத்தகைகளும், 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள குத்தகைகளும் வருடா வருடம் ட்ரோன் படங்களை இந்தியச் சுரங்கப் பணியகத்துக்குக் கொடுக்கணும். குத்தகை எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரைக்கும். நல்ல விதி. எல்லை தாண்டி வெட்டினால் படத்தில் மாட்டிக்கொள்ளும். ஆனால் நம்ம ஊர் கருங்கல், ஜல்லிக் குவாரிகள் சிறுகனிமம் என்பதால் இந்த விதிக்குள் வராது; அவை மாநில விதிகளின் கீழ்.

ராயல்டி கணக்கு, எல்லைத் தகராறு, பாதுகாப்பு எல்லாம் இந்த ஒப்பீட்டின்மேல் உட்காரப்போகிறது என்றால், படத்தோடு சேர்த்துச் சில வரிகளை நாம் கேட்டு வாங்கணும். எந்தத் திசையில் அளந்தீர்கள்? எந்த மேற்பரப்புகளை வைத்துக் கழித்தீர்கள்? எத்தனை செ.மீ.க்குக் குறைவானதை நம்பமுடியாது? எந்தத் தேதித் திட்டம்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் மாதக் கடைசியில் திட்டத்தைத் திருத்திவிட்டு, திருத்திய திட்டத்தோடு ஒப்பிட்டால் எந்தக் குழியும் பச்சையாகிவிடும்.

இந்த நாலு வரியையும் எழுத எந்த மென்பொருளுக்கும் புதுப் பதிப்பு தேவையில்லை. அரைப் பக்கம் போதும். அதோடு ஐந்தாவதாக ஒரு அட்டவணை: ஒவ்வொரு திண்டும் வரைபடத்தில் எத்தனை மீட்டர், நிஜத்தில் எத்தனை மீட்டர். அந்தச் சதவீதத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அங்கே இந்த அட்டவணையைப் போடலாம் என்பது என் பரிந்துரை. கூட்டத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது முதல் பக்கத்தைத்தானே.